கார் தொடங்காதபோது: மின்சுற்றிலே கோளாறு காணல்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள் பின்வருவனவற்றைச் செய்யக்கூடியவராவீர்கள்.

• காரின் தொடக்கு மோட்டர்ச் சுற்றிலுள்ள பகுதிகளைப் பெயரிட்டு அவற்றின் தொழிலைக் கூறல்.
• கார் தரும் ஒலி, ஒளிக் குறிகளைக் கொண்டு கோளாறுள்ள பகுதியை இனங்காணல்.
• ஓமின் விதியைப் பயன்படுத்தி, பழுதான ஒரு மூட்டு ஏற்படுத்தும் விளைவைக் கணித்தல்.
• பற்றரியைக் கையாளும்போது மேற்கொள்ளவேண்டிய பாதுகாப்பு முறைகளைக் காரணத்துடன் விளக்கல்.

1. ஒரு சந்தர்ப்பம்

மருதனார்மடத்தில் ஒரு வீடு எனக் கொள்வோம். நேரம் பின்னிரவு 2 மணி. வீட்டிலுள்ள கர்ப்பிணித் தாய்க்கு வலி தொடங்கிவிட்டது. காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், மல்லாகம் தாண்டித் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தகப்பனார் காரில் ஏறித் திறப்பைத் திருப்புகிறார். "டக்" என்று ஓர் ஒலி கேட்கிறது. எஞ்சின் சுழலவில்லை. முன்விளக்கைப் போட்டுப் பார்க்கிறார். அது நன்றாக எரிகிறது.

"லைற் எரியுதுதானே, பற்றரி நல்லாயிருக்கு. ஸ்ராட்டர்தான் போட்டுது" என்கிறார் மாமா. "இல்லை மாமா, பற்றரி வாங்கி மூன்று வருசமாச்சு. அதைத்தான் மாத்தவேணும்" என்கிறார் அண்ணன்.

இருவரும் ஊகிக்கிறார்கள், எவரும் அளந்து பார்க்கவில்லை. ஊகத்தை நம்பினால் நல்ல மோட்டரைக் கழற்ற நேரிடலாம். அல்லது நல்ல பற்றரியை எறிந்துவிட்டுப் புதியதற்குப் பணம் கொடுக்க நேரிடலாம். அதன் பின்னும் கார் தொடங்காமலிருக்கலாம்.

முதலிற் செய்யவேண்டியது, 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியைக் கேட்பதாகும். நோயாளியைக் காத்திருக்க வைத்துக்கொண்டு கார் திருத்தக்கூடாது. தாய் வைத்தியசாலைக்குப் போனபின், கோளாறு எங்கே என்பதை நாம் ஒழுங்காகத் தேடுவோம். மாமா சொன்னது சரியா, அண்ணன் சொன்னது சரியா என்பதை பகுதி 5 இல் கணித்து அறியலாம்.

2. தொடக்கு மோட்டர்ச் சுற்று

பழைய கார்களின் எஞ்சினை முன்புறத்திற் கைபிடியொன்றைச் செருகிச் சுற்றித் தொடங்கினர். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங் உருவாக்கிய மின் தொடக்கி, 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களிற் பொருத்தப்பட்டது. அன்று முதல் அந்தக் கைவேலையை மின்மோட்டர் செய்கிறது.

இதில் இரண்டு சுற்றுக்கள் உள்ளன. இவற்றை வேறுபடுத்தி அறிவதே இப்பாடத்தின் திறவுகோல்.

(அ) கட்டுப்பாட்டுச் சுற்று: பற்றரி, உருகி, திறப்பினால் இயங்கும் ஆளி, வரிச்சுருள் ஆகியன கொண்டது. இதிற் பாய்வது ஒப்பளவிற் சிறிய மின்னோட்டம். ஆகவே மெல்லிய கம்பிகள் போதும்.

(ஆ) பிரதான சுற்று: பற்றரி, தடித்த வடம், வரிச்சுருளின் உள்ளேயுள்ள பெரிய தொடுகைகள், தொடக்கு மோட்டர், எஞ்சினின் உலோக உடல், உடற்சட்டத்தை பற்றரியுடன் இணைக்கும் வடம் ஆகியன கொண்டது. இதில் 100 அம்பியரையும் தாண்டிய மின்னோட்டம் பாயும். ஒப்பிட்டுப் பார்க்க: வீட்டிலுள்ள 60 உவாற்று மின்குமிழில், 230 வோல்ற்றில், ஏறத்தாழ 0.26 அம்பியரே பாய்கிறது.

திறப்பைத் திருப்பியதும் வரிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து அது மின்காந்தமாகிறது. அது உள்ளேயுள்ள இரும்பு அகணியை இழுக்கிறது. அகணி பெரிய தொடுகைகளை மூடுகிறது. மோட்டரின் சிறு பற்சில்லையும் எஞ்சினின் பெரிய பற்சில்லுடன் பொருத்துகிறது. நாம் கேட்கும் "டக்" ஒலி இந்த அகணி அசையும் ஒலியாகும். ஆகவே "டக்" ஒலி கேட்டால் கட்டுப்பாட்டுச் சுற்று வேலை செய்கிறது என அறியலாம்.

3. பற்றரி

காரில் உள்ளது ஈய-அமிலச் சேமிப்புக் கலவடுக்கு. இவ்வகைக் கலத்தை பிரான்சு நாட்டவரான கஸ்ரன் பிளாந்தே 1859 இல் உருவாக்கினார். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்படுவதால் 12 வோல்ற்றுக் கிடைக்கிறது.

மின்னிறங்கும்போது நிகழும் தாக்கம்:

ஈயம் + ஈயவீரொட்சைட்டு + சல்பூரிக்கமிலம் → ஈயசல்பேற்று + நீர்

அமிலம் செலவாகி நீர் உண்டாவதால் திரவத்தின் அடர்த்தி குறைகிறது. முற்றாக மின்னேற்றிய பற்றரியில் திரவத்தின் சாரடர்த்தி ஏறத்தாழ 1.27 ஆகும். இறங்கிய பற்றரியில் இது 1.15 அளவுக்கும் அதற்குக் கீழும் வரும். நீரமானியால் இதை அளக்கலாம்.

வோல்ற்றுமானியினாலும் பற்றரியின் நிலையை அறியலாம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பற்றரியின் முனைகளிடையே கிடைக்கும் வாசிப்பு:

• 12.6 வோல்ற்று அளவு - நன்றாக மின்னேற்றப்பட்டுள்ளது.
• 12.4 வோல்ற்று அளவு - முக்காற் பங்கு உள்ளது.
• 12.0 வோல்ற்று அளவு - பெரும்பாலும் இறங்கிவிட்டது.

ஆனால் ஓய்வு நிலை வாசிப்பு மட்டும் போதாது. பழுதான பற்றரியொன்றும் ஓய்வில் 12.5 வோல்ற்றுக் காட்டக்கூடும். மோட்டர் சுழலும்போது வாசிப்பை எடுங்கள். அது ஏறத்தாழ 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனமானது. எஞ்சின் ஓடும்போது வாசிப்பு 13.8 - 14.4 வோல்ற்று வரை உயர்ந்தால், பிறப்பாக்கி பற்றரியை மின்னேற்றுகிறது என்பது பொருள்.

கவனிக்க: மூடி கழற்றக்கூடிய பற்றரியில் திரவ மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ்ப் பாறை சுண்ணக்கல். எமது கிணற்று நீரிற் கல்சிய உப்புக்கள் கரைந்துள்ளன. கேத்திலின் அடியிற் படியும் வெண்மையான படிவை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே நீரைப் பற்றரியில் விட்டால் மாசுகள் உட்சென்று தட்டுகளைப் பழுதாக்கும். அமிலமும் விடக்கூடாது, ஆவியாகியும் மின்பகுப்பாலும் குறைவது நீரே, அமிலமன்று.

4. குறிகளை வாசித்தல்

முன்விளக்கை எரியவிட்டபடியே திறப்பைத் திருப்புங்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. திறப்பைத் திருப்பும் கணத்தில் விளக்குக்கு என்ன நிகழ்கிறது என்று பார்க்கவேண்டும்.

குறி 1: விளக்கு எரியவேயில்லை, ஒலியும் இல்லை.
பற்றரி முற்றாக இறங்கியிருக்கலாம். அல்லது பற்றரி முனையில் இணைப்பு அறுந்திருக்கலாம்.

குறி 2: விளக்கு பிரகாசமாக உள்ளது, திறப்பைத் திருப்பினாலும் மங்கவில்லை, "டக்" ஒலி இல்லை.
பெரிய மின்னோட்டம் பாயவேயில்லை. கட்டுப்பாட்டுச் சுற்று திறந்துள்ளது. உருகி, திறப்பு ஆளி, வரிச்சுருளுக்குச் செல்லும் மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்க. தன்னியக்க கியர் உள்ள காரில் கியர்த்தண்டு "பி" அல்லது "என்" நிலையில் இல்லாவிட்டாலும் இவ்வாறு நிகழும்.

குறி 3: விளக்கு பிரகாசமாக உள்ளது, "டக்" என ஓர் ஒலி, விளக்கு மங்கவில்லை.
வரிச்சுருள் இயங்குகிறது, ஆனால் மோட்டரினூடாக மின்னோட்டம் பாயவில்லை. வரிச்சுருளின் பெரிய தொடுகைகள் அல்லது மோட்டரின் காபன் தூரிகைகள் தேய்ந்திருக்கலாம்.

குறி 4: "டக்" என ஓர் ஒலி, விளக்கு வெகுவாக மங்குகிறது.
மின்னோட்டம் பாய முயல்கிறது, வழியிலே தடுக்கப்படுகிறது. பற்றரி பலவீனமாக இருக்கலாம் அல்லது பற்றரி முனையின் மூட்டிற் தடை அதிகரித்திருக்கலாம். மோட்டர் அல்லது எஞ்சின் இறுகியிருந்தாலும் விளக்கு மங்கும்.

குறி 5: "டக் டக் டக்" எனத் தொடர் ஒலி.
பெரும்பாலும் பற்றரி இறங்கியுள்ளது. தொடுகை மூடியதும் அழுத்தம் விழுகிறது; வரிச்சுருள் அகணியை விட்டுவிடுகிறது; அழுத்தம் மீண்டும் உயர்கிறது; அகணி மீண்டும் இழுக்கப்படுகிறது. மின்மணி அடிப்பதும் ஏறத்தாழ இதே முறையிலேயே.

குறி 6: எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது, ஆனால் தொடங்கவில்லை.
தொடக்கு மோட்டர்ச் சுற்று நல்லது. எரிபற்றற் சுற்றை அல்லது எரிபொருள் வழங்கலைப் பார்க்க (பகுதி 6).

5. கணித்துப் பார்ப்போம்

மருதனார்மடத்து வீட்டுக்கு மீண்டும் வருவோம். விடிந்தபின் மகள் முன்விளக்கை எரியவிட்டுத் தந்தையைத் திறப்பைத் திருப்பச் சொல்கிறாள். விளக்கு வெகுவாக மங்குகிறது. ஆகவே குறி 4. எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கிறாள். பற்றரியின் நேர் முனையில் வெண்பச்சை நிறப் பொடி படிந்திருக்கிறது. இதன் விளைவைக் கணிப்போம்.

தரவுகள்: பற்றரியின் மின்னியக்க விசை 12.6 வோல்ற்று, அதன் அகத்தடை 0.01 ஓம், நின்ற நிலையில் தொடக்கு மோட்டரினதும் வடங்களினதும் தடை 0.07 ஓம், பொடி படிந்த மூட்டின் தடை 0.10 ஓம், முன்விளக்குகள் இரண்டினதும் சமவலுத் தடை 1.30 ஓம்.

(அ) மூட்டு சுத்தமாக இருக்கும்போது மோட்டர்:
மொத்தத் தடை = 0.01 + 0.07 = 0.08 ஓம்
மின்னோட்டம் = 12.6 ÷ 0.08 = 157.5 அம்பியர்
மோட்டருக்குக் கிடைக்கும் அழுத்தம் = 157.5 × 0.07 = 11.0 வோல்ற்று (அண்ணளவாக)

(ஆ) மூட்டிற் பொடி படிந்தபோது மோட்டர்:
மொத்தத் தடை = 0.01 + 0.10 + 0.07 = 0.18 ஓம்
மின்னோட்டம் = 12.6 ÷ 0.18 = 70 அம்பியர்
மோட்டருக்குக் கிடைக்கும் அழுத்தம் = 70 × 0.07 = 4.9 வோல்ற்று
மூட்டில் இழக்கப்படும் அழுத்தம் = 70 × 0.10 = 7.0 வோல்ற்று

(இ) அதே பொடி படிந்த மூட்டினூடாக முன்விளக்கு மட்டும் எரியும்போது:
மொத்தத் தடை = 0.01 + 0.10 + 1.30 = 1.41 ஓம்
மின்னோட்டம் = 12.6 ÷ 1.41 = 8.9 அம்பியர் (அண்ணளவாக)
விளக்குக்குக் கிடைக்கும் அழுத்தம் = 8.9 × 1.30 = 11.6 வோல்ற்று (அண்ணளவாக)

மூட்டு சுத்தமாக இருந்தாலும் விளக்குக்கு 12.5 வோல்ற்று அளவே கிடைத்திருக்கும். 11.6 இற்கும் 12.5 இற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் இலகுவிற் பிரித்தறிய முடியாது. ஆனால் அதே மூட்டு மோட்டருக்குச் செல்லவேண்டிய அழுத்தத்திற் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது.

முடிபு: விளக்கு எரிவது மோட்டரை இயக்கப் பற்றரியாலும் மூட்டுகளாலும் முடியும் என்பதற்குச் சான்றன்று. ஒரு மூட்டில் இழக்கப்படும் அழுத்தம் அதனூடாகப் பாயும் மின்னோட்டத்தில் தங்கியுள்ளது. சிறிய மின்னோட்டத்துக்கு மறைந்திருக்கும் கோளாறு, பெரிய மின்னோட்டத்தின்போதே வெளிப்படும். ஆகவே கோளாற்றைச் சுமையின் கீழே அளக்கவேண்டும்.

மாமா சொன்னதும் பிழை. அண்ணன் சொன்னதும் பிழை. மோட்டரும் நல்லது, பற்றரியும் நல்லது.

அளந்து உறுதிப்படுத்தும் முறை: வோல்ற்றுமானியின் ஒரு நுனியைப் பற்றரியின் நேர் முனையிலும் (கவ்வியில் அன்று) மற்றைய நுனியை அதன் கவ்வியிலும் வைத்து, இன்னொருவரைக் கொண்டு திறப்பைத் திருப்புங்கள். நல்ல மூட்டாயின் வாசிப்பு பூச்சியத்துக்கு அண்மையில் இருக்கும். ஒரு வோல்ற்றோ அதற்கு மேலோ காட்டினால் அம்மூட்டே கோளாறு. வோல்ற்றுமானி இல்லையா? 12 வோல்ற்றுச் சிறு மின்குமிழை அதே இரு இடங்களுக்கும் இடையே பிடியுங்கள். எமது கணக்கின்படி அங்கே 7 வோல்ற்று இருப்பதால் குமிழ் மங்கலாக எரியும். நல்ல மூட்டில் அது எரியாது.

திருத்தும் முறை: உடற்சட்டத்துடன் இணைந்த முனையை (இன்றைய கார்களில் மறை முனை) முதலிற் கழற்றுக. பின்னர் மற்றைய முனையைக் கழற்றுக. அப்பச்சோடா கரைத்த நீரால் முனைகளைத் துடைக்க. அமிலம் நடுநிலையாகி நுரை எழும். கரைசல் பற்றரியின் உள்ளே போகவிடக்கூடாது. அரத்தாளால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, உலர்த்தி, நேர் முனையை முதலிலும் மறை முனையைக் கடைசியிலும் இறுக்கிப் பூட்டி, மேலே வசிலின் பூசுக.

6. எஞ்சின் சுழன்றும் தொடங்காவிடின்

பெற்றோல் எஞ்சினில் எரிபொருள்-வளிக் கலவையை எரியூட்டத் தீப்பொறி வேண்டும். கராஜிலே "பிளக்" என்று சொல்லப்படும் தீப்பொறிச் செருகியின் இடைவெளி 1 மில்லிமீற்றர் அளவே. ஆயினும் அதைத் தாண்டத் தீப்பொறிக்குப் பத்தாயிரம் வோல்ற்றையும் மிஞ்சிய அழுத்தம் தேவை. 12 வோல்ற்றிலிருந்து இதைப் பெறுவது எரிபற்றற் சுருள். சில சுற்றுக்கள் கொண்ட முதன்மைச் சுருளிற் பாயும் மின்னோட்டம் சடுதியாகத் துண்டிக்கப்படும்போது, காந்தப் பாயம் விரைவாக மாறி, பல சுற்றுக்கள் கொண்ட துணைச்சுருளில் உயர் அழுத்தம் தூண்டப்படுகிறது. இது மின்காந்தத் தூண்டலின் பிரயோகம்.

செருகியின் பீங்கானிற் கரி படிந்தால், மின் இடைவெளியைத் தாண்டாமற் கரியின் வழியே கசிந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கு இது பழகிய கோளாறு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களைச் சில துளி பெற்றோலிலே தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. முற்றாக எரியாதபோது கரி படியும். செருகியைக் கழற்றித் துடைப்பது அன்றைய சாரதிகளின் வழக்கமான வேலையாயிற்று.

டீசல் எஞ்சினிற் தீப்பொறிச் செருகி இல்லை. நெருக்கப்பட்ட வளியின் வெப்பமே எரிபொருளை எரியூட்டுகிறது.

7. ஓடாமல் நிற்கும் கார்

2020 இல் ஊரடங்குக் காலத்திலும் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலும் பல கார்கள் வாரக்கணக்கில் வீட்டிலே நின்றன. காரை நிறுத்திய பின்னும் மணிக்கூடு, திருட்டு எச்சரிக்கைக் கருவி ஆகியன சிறிதளவு மின்னோட்டத்தைப் பெறும். அது 0.03 அம்பியர் எனவும் பற்றரியின் கொள்ளளவு 40 அம்பியர்-மணி எனவும் கொண்டால்:

40 ÷ 0.03 = 1333 மணி, அதாவது ஏறத்தாழ 55 நாள்.

பற்றரி தானாகவும் சிறிது இறங்கும். ஆகவே கார் தொடங்காத நிலை இதற்கு முன்னரே வந்துவிடும். இறங்கிய நிலையில் நெடுநாள் விட்டால் தட்டுகளில் ஈயசல்பேற்று கடினமான பளிங்குகளாகப் படிந்து, மீண்டும் மின்னேற்றுவது கடினமாகும். காரை நெடுநாள் நிறுத்துவதாயின் மறை முனையைக் கழற்றி வைப்பது நல்லது.

8. பாதுகாப்பு

• மின்னேற்றும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும். அருகில் நெருப்பு, தீப்பொறி கூடாது. இருளில் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.
• அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே அதிகளவு நீரினாற் கழுவுக. கண்ணாயின் கழுவியபின் வைத்தியரிடம் செல்க.
• வேறு காரின் பற்றரியிலிருந்து மின் எடுக்கும்போது வரிசை: இறங்கிய பற்றரியின் நேர் முனை, நல்ல பற்றரியின் நேர் முனை, நல்ல பற்றரியின் மறை முனை, கடைசியாக இறங்கிய காரின் எஞ்சின் உலோகம் (பற்றரியிலிருந்து தள்ளி). கடைசி இணைப்பிலேயே தீப்பொறி எழும்; அது ஐதரசன் உள்ள இடத்திலிருந்து விலகியிருக்கவேண்டும்.
• ஊதிய உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைப் போடக்கூடாது.
• தன்னியக்க கியர்க் காரையும் ஹைபிரிட் காரையும் தள்ளித் தொடங்க முடியாது. ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் நிற வடங்களில் உயிராபத்தான அழுத்தம் உண்டு. அவற்றைத் தொடாதீர்கள்.

9. பரீட்சையில் மாணவர் விடும் தவறுகள்

• "மூட்டிற் தடை கூடினால் பற்றரியின் மின்னியக்க விசை குறையும்" என எழுதுதல். குறைவது மின்னோட்டமும் மோட்டருக்குக் கிடைக்கும் அழுத்தமுமே.
• வோல்ற்றுமானியைத் தொடராக இணைத்தல். அது எப்போதும் சமாந்தரமாக இணைக்கப்படும்.
• அம்பியரையும் அம்பியர்-மணியையும் குழப்பிக்கொள்ளல். முன்னையது மின்னோட்டம், பின்னையது ஏற்றத்தின் அளவு.
• விடையின் அலகை எழுதாது விடுதல்.

10. பயிற்சி

1. தொடக்கு மோட்டரின் தடை 0.08 ஓம், பற்றரியின் மின்னியக்க விசை 12 வோல்ற்று, அகத்தடை 0.02 ஓம்.
(i) மின்னோட்டத்தைக் காண்க.
(ii) அப்போது பற்றரி முனைகளிடையே உள்ள அழுத்த வித்தியாசம் யாது?
(iii) சுற்றில் 0.10 ஓம் தடையுள்ள பழுதான மூட்டு சேர்ந்தால் மின்னோட்டம் யாது?
(iv) அம்மூட்டில் வெப்பமாக இழக்கப்படும் வலு யாது?

2. காரினுள்ளே உள்ள 12 வோல்ற்று, 6 உவாற்று மின்குமிழ் அணைக்கப்படாது விடப்பட்டது. 45 அம்பியர்-மணிப் பற்றரி எத்தனை மணியில் முற்றாக இறங்கும்?

3. திறப்பைத் திருப்பும்போது விளக்கு மங்கவில்லை, ஒலியும் இல்லை. பற்றரியை மாற்றுவது ஏன் பொருத்தமற்றது?

4. பற்றரியைக் கழற்றும்போது உடற்சட்டத்துடன் இணைந்த முனையை முதலிற் கழற்றுவது ஏன்?

விடைகள்

1. (i) 12 ÷ 0.10 = 120 அம்பியர். (ii) 12 - (120 × 0.02) = 9.6 வோல்ற்று. (iii) 12 ÷ 0.20 = 60 அம்பியர். (iv) 60 × 60 × 0.10 = 360 உவாற்று. பழுதான மூட்டு சூடாவது இதனாலேயே.

2. மின்னோட்டம் = 6 ÷ 12 = 0.5 அம்பியர். நேரம் = 45 ÷ 0.5 = 90 மணி.

3. விளக்கு மங்காததால் பிரதான சுற்றிற் பெரிய மின்னோட்டம் பாயவில்லை. "டக்" ஒலி இல்லாததால் வரிச்சுருள் இயங்கவில்லை. கோளாறு கட்டுப்பாட்டுச் சுற்றிலேயே உள்ளது.

4. மற்றைய முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பனர் உடற்சட்டத்திற் பட்டால் சுற்று குறுக்காகி மிகப் பெரிய மின்னோட்டம் பாயும். உடற்சட்டத்துடன் இணைந்த முனை ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால் அவ்வாறு நிகழாது.

செய்து பார்க்க: வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு காரில், பெரியவர் ஒருவரின் துணையுடன், ஓய்விலும் தொடங்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் பற்றரியின் வாசிப்பை எடுத்துக் குறித்து வையுங்கள். கியரை நியூட்ரலில் அல்லது "பி" நிலையில் விட்டு, கைத்தடுப்பைப் போட்டபின்னரே இதைச் செய்க. நல்ல நிலையிலுள்ள காரின் மூன்று எண்களும் கையில் இருந்தால், அது தொடங்காத நாளில் ஊகிக்க வேண்டியிராது.